சிறுசேமிப்பும் சமுதாய விடுதலையும்
(சின்னப்பிள்ளை அம்மையாரின் வாழ்வு நமக்குத் தரும் பாடம்)

(வெள்ளி விழாவின் போது உளுந்தூர்பேட்டையில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



இருபத்தைந்து ஆண்டுகளுக்கு முன்பு இக்கழகத்தைத் தொடங்க ஒன்றுகூடிய போது நம்மிடம் கட்டடம் இல்லை, நிதி இல்லை, பெரிய மனிதர்களின் துணையும் இல்லை. நம் பிள்ளைகள் படிக்க வேண்டும் என்னும் உறுதி ஒன்றே இருந்தது. அந்த நாட்களில் நாம் கண்ட ஓர் உண்மையை இன்று நினைவுகூர்வது பொருந்தும். பிள்ளைகளுக்கு அறிவு குறைவாக இருந்ததால் பள்ளிப் படிப்பு நின்றுவிடவில்லை. ஜூன் மாதம் பிறந்தால் கட்டணம், புத்தகம், சீருடை என்று வந்து நிற்கும் சில நூறு ரூபாய்களே அவர்களை நிறுத்தின. தாயின் காதுத் தோடு அடகுக் கடைக்குச் செல்லும். அதுவும் இல்லாத வீட்டில் தகப்பனார் வட்டிக்குப் பணம் வாங்குவார். வாங்கிய பணம் அடுத்த ஜூன் வருவதற்குள் இரண்டு மடங்காகி நிற்கும். அப்போது பிள்ளை படிப்பை விட்டுக் கரும்பு வெட்டப் போவான். நம் கல்விப் போராட்டம் பாதியளவுக்குக் கடனோடு நடந்த போராட்டமே என்பதை மூத்தோர் அறிவர்.

ஆகவே, கல்வியைப் பற்றிப் பேச வேண்டிய இம்மேடையில் பணத்தைப் பற்றியும், அப்பணத்தைக் கூட்டாகக் காத்த ஒரு பெண்மணியைப் பற்றியும் பேச விரும்புகிறோம்.

வங்கித் துறையில் தலைமை ஏற்ற பெண்கள் என்றவுடன் சில பெயர்கள் நம் நினைவுக்கு வருகின்றன. 1907-இல் சென்னையில் தோன்றிய இந்தியன் வங்கி பெரும் நட்டத்தில் மூழ்கியிருந்த வேளையில், 2000-ஆம் ஆண்டில் அதன் தலைமைப் பொறுப்பை ஏற்று மீட்டெடுத்தவர் ரஞ்சனா குமார் அம்மையார். பாரத ஸ்டேட் வங்கியின் இருநூறு ஆண்டு வரலாற்றில் முதல் பெண் தலைவராக 2013-இல் பொறுப்பேற்றவர் அருந்ததி பட்டாச்சார்யா அம்மையார். இவர்கள் பெருமைக்குரியவர்களே. வங்கித் தேர்வுக்குப் படிக்கும் நம் பெண்பிள்ளைகள் இப்பெயர்களை அறிந்திருக்க வேண்டும்.

ஆனால் நாம் இன்று சொல்லப் போகும் அம்மையார் எந்த வங்கித் தேர்வையும் எழுதியவர் அல்லர். பள்ளிக்கூடத்தின் படியை மிதித்தவர் அல்லர். மதுரை மாவட்டத்தில் அழகர்மலைச் சாரலை அடுத்த புல்லுச்சேரி என்னும் சிற்றூரில், நிலமற்ற கூலிக் குடும்பத்தில் வாழ்ந்தவர். அவர்தாம் சின்னப்பிள்ளை அம்மையார்.

கொத்துத் தலைவி

சிறு வயதிலேயே மணமாகி, நடவுக்கும் களையெடுப்பிற்கும் கதிரறுப்பிற்கும் சென்று பிழைத்தவர் அவர். கூலி ஆட்களைக் கூட்டாகச் சேர்த்து வேலைக்கு அழைத்துச் செல்லும் குழுவைக் கொத்து என்று அப்பகுதியில் சொல்வர். சின்னப்பிள்ளை அம்மையார் அத்தகைய கொத்துக்குத் தலைவியாக விளங்கினார். நிலக்காரரிடம் கூலி பேசுவது அவர் வேலை. பேசிய கூலியைப் பெற்று, அறுத்த ஒவ்வொருவருக்கும் குறைவின்றிப் பங்கிட்டுத் தருவதும் அவர் வேலை. எழுத்தறியாத ஒருவர் இத்தனை கணக்கையும் மனத்திலேயே வைத்துக்கொண்டு, ஒருவருக்கும் குறை வராமல் தீர்த்துக் கொடுத்தார். கணக்கில் நேர்மை, பேச்சில் அஞ்சாமை, முதியவரையும் நலிந்தவரையும் கொத்திலிருந்து ஒதுக்காத மனம் ஆகிய இவை யாவும் வயல் வரப்பில் அவர் கற்றவை. பிற்காலத்தில் ஓர் இயக்கத்தையே நடத்துவதற்கு இக்கல்வியே முதலாக அமைந்தது.

1990-ஆம் ஆண்டையொட்டி மதுரைப் பகுதிச் சிற்றூர்களில் களஞ்சியம் என்னும் பெயரில் பெண்களின் சேமிப்புக் குழுக்கள் தோன்றின. இன்று அவற்றைத் தானம் அறக்கட்டளை வழிநடத்துகிறது. களஞ்சியம் என்னும் சொல்லை நம் மக்கள் அறிவர். அது விளைந்த நெல்லைச் சேர்த்துவைக்கும் இடம். நிலமில்லாத நம் வீடுகளில் நெற்களஞ்சியத்திற்கு வழியில்லை. ஆயினும் உலை வைக்கும் போது ஒரு கைப்பிடி அரிசியைத் தனியே எடுத்துவைக்கும் வழக்கம் நம் தாய்மார்களிடம் என்றும் இருந்தது. அந்தப் பிடி அரிசி ஒரு வீட்டிற்குள் இருக்கும் வரை ஒரு வேளைப் பசியைத்தான் தீர்க்கும். இருபது வீட்டுப் பிடி அரிசி ஓரிடத்தில் சேர்ந்தால் அது பஞ்சத்தையே எதிர்கொள்ளும். களஞ்சியத்தின் கருத்து இவ்வளவே. அரிசிக்குப் பதிலாகக் கூலியில் மிச்சப்படுத்திய ரூபாய் அங்கே சேர்ந்தது.

தன் கொத்தில் இருந்த பெண்களையே சின்னப்பிள்ளை அம்மையார் குழுவாகச் சேர்த்தார். தங்கள் ஊரில் நின்றுவிடாமல் அடுத்த ஊர்களுக்கும் நடந்து சென்று பேசினார். தம்மைப் போன்ற கூலிக்காரி வந்து சொல்லும் போது பெண்கள் நம்பினர். ஊர்க் கண்மாயின் மீன்பிடி உரிமை வசதி படைத்தோர் கையிலேயே இருந்து வந்த நிலையை எதிர்த்து, கூலி மக்களுக்கும் அதில் உரிமை உண்டு என்று வாதாடியவர் அவர். பணம் சேர்ந்த இடத்தில் துணிவும் சேர்ந்தது என்பதற்கு இது சான்று. தனித்தனியே கடன்பட்டு நின்றவர்கள் ஏலத்தில் நிற்க முடியாது. கூட்டாக நின்றவர்களால் முடிந்தது.

குழுக்கள் பெருகிய போது அவை வட்டாரக் களஞ்சியமாக இணைந்தன. அவ்விணைப்பின் தலைமைப் பொறுப்புக்களை ஏற்றுச் செயல்பட்ட அம்மையார், மாநிலத்தின் எல்லையைக் கடந்தும் சென்று பெண்களைத் திரட்டினார். 1999-ஆம் ஆண்டுக்குரிய ஸ்திரீ சக்தி விருதை நடுவண் அரசு அவருக்கு அளித்தது. விருதை வழங்கிய தலைமையமைச்சர் வாஜ்பாய் அவர்கள், அனைவரும் காண அந்த அம்மையாரின் கால்களைத் தொட்டு வணங்கினார். 2019-இல் பத்மஸ்ரீ விருதும் அவரை அடைந்தது.

எந்த மக்களைத் தெருவிலே நிமிர்ந்து நடக்கக் கூடாது என்று இச்சமுதாயம் வைத்திருந்ததோ, அம்மக்களிடையே உழைத்து வாழ்ந்த ஒரு கூலிப் பெண்ணின் கால்களை நாட்டின் தலைமையமைச்சர் தொட்டார். அந்த மரியாதை செல்வத்திற்காக வந்ததன்று. அவரிடம் செல்வம் இல்லை. பிறர் பணத்தைக் காசு குறையாமல் காத்தார் என்பதற்காகவும், அப்பணத்தால் பலர் குடும்பம் கடனிலிருந்து மீண்டது என்பதற்காகவும் வந்த மரியாதை அது.

வட்டிக் கணக்கு

இக்காவல் எவ்வாறு பலன் தருகிறது என்பதை ஓர் எளிய கணக்கால் பார்ப்போம். இளைஞர்கள் மனத்திற்குள் போட்டுப் பார்க்கலாம்.

ஒரு தாய் பிள்ளையின் கல்லூரிச் சேர்க்கைக்காக 5,000 ரூபாய் கடன் வாங்குகிறாள். வெளியில் பத்து வட்டிக்கு வாங்கினால் மாதம் 500 ரூபாய் வட்டி. ஓராண்டில் 6,000 ரூபாய் வட்டியாகவே போய்விடும். அசல் அப்படியே நிற்கும். இதே தொகையைத் தன் குழுவில் இரண்டு ரூபாய் வட்டிக்கு எடுத்தால் மாதம் 100 ரூபாய். அசலே குறையாவிட்டாலும் ஆண்டுக்கு 1,200 ரூபாய்தான். அசலையும் சிறிது சிறிதாகக் கட்டி வந்தால் வட்டி மேலும் குறையும். அந்த 1,200 ரூபாய் போகும் இடத்தையும் நாம் கவனிக்க வேண்டும். அது வட்டிக்காரர் வீட்டிற்குப் போகவில்லை. அவளும் அவளைப் போன்ற பத்தொன்பது பெண்களும் சேர்ந்து வைத்திருக்கும் பொது நிதிக்கே திரும்பி வருகிறது. அடுத்த ஆண்டு இன்னொரு பிள்ளையின் சேர்க்கைக்கு அது உதவுகிறது.

நம் பகுதிக்கும் இவ்வியக்கத்திற்கும் பழைய உறவு உண்டு. 1989-இல் பன்னாட்டு வேளாண் வளர்ச்சி நிதியத்தின் உதவியோடு தருமபுரி மாவட்டத்தில் தமிழக அரசு மகளிர் மேம்பாட்டுத் திட்டத்தைத் தொடங்கியது. அடுத்து அது விரிவு பெற்ற மாவட்டங்களில் நம் பழைய தென்னார்க்காடும் ஒன்று. விழுப்புரம் என்றும், 2019 முதல் கள்ளக்குறிச்சி என்றும் மாவட்டத்தின் பெயர் மாறுவதற்கு முன்பே நம் தாய்மார்கள் ஊக்குநர் என்றும் பிரதிநிதி என்றும் பொறுப்பேற்றுக் கூட்டம் நடத்தக் கற்றனர். 1992-இல் நபார்டு வங்கி நாடெங்கும் 500 குழுக்களை வங்கிகளோடு இணைக்கும் முயற்சியைச் சோதனையாகத் தொடங்கியது. அதற்கு முன்பு வங்கியின் படியேற நம்மவர்க்குத் தயக்கம். 1969-இல் 14 வங்கிகள் நாட்டுடைமையான பின்பும் அத்தயக்கம் உடனே நீங்கவில்லை. ஈடு காட்ட நிலமோ நகையோ இல்லாதவருக்கு யார் கடன் தருவார்? குழு வந்த பின்பு, தவறாமல் சேமித்ததற்கும் திருப்பிச் செலுத்தியதற்கும் சான்றாக நின்ற கணக்குப் புத்தகமே ஈடாயிற்று.

கடல் கடந்த ஒரு சான்று

ஒடுக்கப்பட்ட மக்களின் காசு ஓரிடத்தில் சேரும் போது என்ன நிகழும் என்பதற்கு அமெரிக்க நாட்டிலும் ஒரு சான்று உண்டு. அங்கே கறுப்பின மக்கள் அடிமைகளாக வைக்கப்பட்டிருந்த வரலாற்றை நாம் அறிவோம். அடிமையாக இருந்த ஒரு தாயின் மகளாக வர்ஜீனியா மாநிலத்து ரிச்மண்ட் நகரில் பிறந்தவர் மேகி லீனா வாக்கர். தாய் துணி வெளுத்துப் பிழைத்தார். சலவைத் துணிக் கூடையைச் சுமந்து வீடுவீடாகக் கொண்டுசேர்த்த சிறுமி, படித்து ஆசிரியையானார்.

அவர் மக்கள் நோய்க்கும் சாவுக்கும் உதவிக்கொள்வதற்காகப் புனித லூக்கா சங்கம் என்ற ஓர் அமைப்பை வைத்திருந்தனர். 1899-இல் அச்சங்கத்தின் செயலாளராக அவர் பொறுப்பேற்ற போது, கையிருப்பு 31 டாலர் 61 சென்ட். கடனோ 400 டாலர். அந்நிலையிலிருந்து சங்கத்தை உயர்த்தி, 1903 நவம்பரில் புனித லூக்கா காசுச் சேமிப்பு வங்கியைத் திறந்தார். அமெரிக்காவில் வங்கி ஒன்றைத் தொடங்கி அதன் தலைவராக விளங்கிய முதல் கறுப்பினப் பெண் அவரே. சலவைத் தொழிலாளிகளும் வீட்டு வேலைக்காரப் பெண்களும் வரிசையில் நின்று பணம் செலுத்தினர். முதல் நாளிலேயே ஒன்பதாயிரம் டாலருக்கு மேல் சேர்ந்தது. குழந்தைகளுக்கு அட்டைப் பெட்டி உண்டியல்களைக் கொடுத்துச் சேமிக்கப் பழக்கினார். வெள்ளையரிடம் கடன் கேட்டு நிற்க வேண்டிய நிலை மாறி, 1920-க்குள் 645 குடும்பங்கள் அவ்வங்கியின் துணையால் சொந்த வீட்டிற்கு உரிமையாளராயின. பெண்களுக்கு எழுத்தர் வேலை, பெண்பிள்ளைகளின் பள்ளிக்கு நிதியுதவி, உரிமைக்காகப் பேசும் பத்திரிகை ஆகியவை எல்லாம் அந்தச் சங்கத்தோடும் அவர் பணியோடும் சேர்ந்தே வளர்ந்தன. 1934-இல் அவர் மறையும் வரை வங்கிப் பணியோடு தொடர்பு அறவில்லை.

ரிச்மண்டும் புல்லுச்சேரியும் எங்கெங்கோ உள்ளவை. ஒருவர் படித்த ஆசிரியை. மற்றவர் எழுத்தறியாத கொத்துத் தலைவி. ஆயினும் இருவரும் ஒரே உண்மையைக் கண்டனர். ஏழை மக்களிடம் பணமே இல்லை என்பது சரியன்று. அவர்களிடம் உள்ள சிறு காசு நாள்தோறும் பிறர் கைக்குப் போய்க்கொண்டிருக்கிறது. அதைத் தடுத்துத் தம்மிடமே நிறுத்தினால் அது கல்வியாகும், வீடாகும், உரிமையாகும். பணத்தின் இயல்பை ஆராய்ந்து 1923-இல் ரூபாயின் சிக்கல் பற்றி நூல் எழுதிய பொருளியல் அறிஞர் அண்ணல் அம்பேத்கர் என்பதையும் நாம் மறக்கலாகாது. அவரைச் சட்ட மேதையாக மட்டும் போற்றிவிட்டுக் கணக்குப் பாடத்தில் நாம் அலட்சியமாக இருப்பது முறையாகாது.

இன்றைய ஆபத்து

இவ்வளவு சொன்ன பின்பு கசப்பான ஒன்றையும் சொல்லியாக வேண்டும். குழு என்ற பெயரில் இன்று நம் தெருக்களுக்கு வருவன எல்லாம் களஞ்சியம் அல்ல. பெண்களைப் பத்துப் பேராகச் சேர்த்து உட்காரவைத்து, சேமிப்பு ஏதும் இல்லாமலே கடனை மட்டும் கொடுத்து, வாரந்தோறும் வசூலிக்கும் முறையும் பரவியிருக்கிறது. முதல் கடனை அடைக்க இரண்டாவது, இரண்டாவதை அடைக்க மூன்றாவது என்று நம் தாய்மார்கள் சிக்கியிருப்பதை நாம் கண்ணாரக் காண்கிறோம். வசூல் நாளன்று வாசலில் வந்து நிற்பவருக்கு அஞ்சிப் பின்வாசல் வழியே வெளியேறிய தாயை நாம் அறிவோம். அவ்வீட்டுப் பெண்பிள்ளை அன்று பள்ளிக்குச் செல்லவில்லை. தவணை கட்ட முடியாத ஒருத்தியை மற்ற ஒன்பது பேரே ஏசும்படி செய்யும் இம்முறை, கூட்டுறவுக்கு நேர்மாறானது.

இந்நிலை முற்றிப் போனதால்தான் ஆந்திர மாநிலம் 2010-இல் அவசரச் சட்டம் கொண்டுவந்தது. தமிழக அரசும் 2003-இல் கந்துவட்டித் தடைச் சட்டத்தையும், 2025-இல் கட்டாய வசூல் நடவடிக்கைகளைத் தடுக்கும் சட்டத்தையும் இயற்றியது. சட்டம் வேண்டும். ஆனால் சட்டத்தை எடுத்துப் படித்துச் சொல்லவும், கடன் தாளில் உள்ள வட்டியைக் கணக்கிட்டுக் காட்டவும் தெருவில் ஒருவர் இல்லையென்றால் சட்டம் காகிதத்திலேயே கிடக்கும். முன்பணம் வாங்கிக்கொண்டு கரும்பு வெட்டச் செல்லும் நம் குடும்பங்களுக்கும் இதே நிலைதான். 1976-இல் கொத்தடிமை முறை சட்டப்படி ஒழிந்தது. முன்பணக் கணக்கு தொழிலாளியின் கையில் இல்லாத இடத்தில் அதன் நிழல் இன்னும் விழுகிறது.

நம் கடமை

இங்கேதான் கல்விக் கழகத்தின் கடமை வருகிறது. சின்னப்பிள்ளை அம்மையார் எழுத்தறியாமலே இவ்வளவு செய்தார் என்று வியந்து கைதட்டுவது எளிது. எழுத்தறிந்த நாம் அதில் பாதியாவது செய்தோமா என்று நம்மையே கேட்டுக்கொள்வது கடினம். நாம் படிக்கவைத்த பிள்ளைகளில் பலர் ஆசிரியராகவும் அலுவலராகவும் வங்கி ஊழியராகவும் வெளியூர்களில் இருக்கின்றனர். திருவிழாவிற்கும் திருமணத்திற்கும் வருகின்றனர். ஆனால் அவர்களுடைய தாய் உறுப்பினராக உள்ள குழுவின் ரொக்கப் புத்தகத்தை அவர்களில் எத்தனை பேர் புரட்டிப் பார்த்திருப்பர்? இக்குறை அவர்களுடையது மட்டுமன்று. படிப்பை வேலைக்கான வழியாக மட்டுமே சொல்லிக்கொடுத்த நம்முடைய குறையும் ஆகும்.

ஆகவே இவ்வெள்ளி விழாவில் மூன்று வேண்டுகோள்களை முன்வைக்கிறோம்.

முதலாவதாக, நம் தெருக்களில் உள்ள ஒவ்வொரு மகளிர் குழுவிற்கும் படித்த இளைஞர் அல்லது இளம்பெண் ஒருவர் கணக்குத் துணையாக அமைய வேண்டும். மாதம் ஒரு மாலைப் பொழுது போதும். ரொக்கப் புத்தகம், கடன் பேரேடு, தீர்மானப் புத்தகம், ஒவ்வொருவரின் சேமிப்புப் புத்தகம் ஆகியவற்றை அனைவர் முன்னிலையிலும் உரக்கப் படித்துச் சரிபார்க்க வேண்டும். கணக்கு மூடியிருக்கும் குழு உடையும்; திறந்திருக்கும் குழு நிலைக்கும். பல ஊர்களில் குழுக்கள் சிதைந்தது பணம் இல்லாததால் அன்று, ஒருவர் மட்டுமே கணக்கறிந்து மற்றவர்கள் அவரை நம்பியிருந்ததால்தான்.

இரண்டாவதாக, வெளியில் கடன் வாங்கும் முன் அதன் தாளைக் கழகத்திற்குக் கொண்டுவந்து காட்டும் வழக்கத்தை நம் தாய்மார்கள் மேற்கொள்ள வேண்டும். வட்டி எவ்வளவு, தவணை எத்தனை, முடிவில் கட்டப்போகும் மொத்தத் தொகை என்ன என்பதை எழுதிக் கொடுக்கும் பொறுப்பைக் கழகம் ஏற்க வேண்டும். வாங்காதே என்று தடுக்க நமக்கு உரிமை இல்லை. அவசரம் அவர்களுடையது. அறிந்து வாங்க உதவுவது நம் கடமை.

மூன்றாவதாக, கல்விக்கென்றே ஒரு தனிச் சேமிப்பு ஒவ்வொரு குழுவிலும் தொடங்க வேண்டும். தையில் தொடங்கிச் சிறிது சிறிதாகச் சேர்த்தால், ஜூன் மாதம் எந்தத் தாயும் தோட்டைக் கழற்ற வேண்டியதில்லை. வேலையில் அமர்ந்த பிள்ளைகள் தங்கள் ஊர்க் குழுவின் கல்விச் சேமிப்புக்கு ஆண்டில் ஒருநாள் ஊதியத்தை அளிக்க முன்வர வேண்டும். இது தர்மம் அன்று. தாங்கள் படிக்க எடுத்த கடனைத் திருப்பிச் செலுத்துவதே ஆகும்.

1916-இல் சிதம்பரத்தில் நந்தனார் பள்ளியைத் தொடங்கிய சுவாமி சகஜானந்தர் இதே தென்னார்க்காட்டு மண்ணில்தான் நம் மக்களுக்குக் கல்வி விளக்கேற்றினார். அவ்விளக்கில் படித்து முன்னேறியவர்களின் வழிவந்தவர்கள் இந்த அவையிலும் இருக்கலாம். படித்தவன் தன் மக்களிடம் திரும்பி வரும் போதுதான் அக்கல்வி முழுமை பெறும்.

இளம்பெண்களே, வங்கித் தேர்வுக்குப் படியுங்கள். வங்கியின் மேசைக்கு அந்தப் பக்கம் நீங்கள் அமரும் நாள் வர வேண்டும். அன்று மேசைக்கு இந்தப் பக்கம் கூலி உடையோடும் கையில் ஒரு கணக்குப் புத்தகத்தோடும் ஒரு தாய் தயங்கி நிற்பாள். அவளை உட்காரச் சொல்லுங்கள். "வாங்க அம்மா" என்று அழையுங்கள். அவள் கையிலுள்ள புத்தகம் என்ன பாடுபட்டுச் சேர்ந்தது என்பதை உங்களைவிட நன்கு அறிந்தவர் அந்த அலுவலகத்தில் எவரும் இருக்க மாட்டார்.

அடுத்த இருபத்தைந்து ஆண்டுகளில் நம் கழகம் பொன்விழாக் காணும். அன்று எழுந்து பேசுகிறவர், இவ்வட்டாரத்தில் கடனுக்காகப் படிப்பை நிறுத்திய பிள்ளை ஒருவரும் இல்லை என்று அறிவிக்கும்படி உழைப்போம். 

வாழ்க கல்விக் கழகம்! வளர்க நம் மக்கள் ஒற்றுமை!